அச்சும் அச்சிற் பிறந்த பொருளும்

பிள்ளை தந்தையின் சாயலை அப்படியே கொண்டிருந்தால், "அச்சில் வார்த்தாற்போல இருக்கிறான்" என்று சொல்வது நம்மவர் வழக்கு. அச்சு எந்த வடிவோ அந்த வடிவே அதில் உருவாகும் பொருளுக்கும் வாய்க்கும் என்னும் நம்பிக்கையிலிருந்து பிறந்த சொல் இது. ஆனால், அச்சைக் கையாண்டு பிழைப்பவர்கள் இந்த நம்பிக்கையை முழுமையாக ஏற்பதில்லை. செங்கல் அறுப்பவருடைய மரச்சட்டம், சூளையிலிருந்து வெளிவரும் கல்லைவிடச் சற்றுப் பெரியது. ஈரமண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்பதை அவர் அறிவார். அந்தச் சுருக்கத்துக்கு முன்கூட்டியே இடம் வைத்துச் சட்டத்தைச் செய்துகொள்கிறார். இரும்பு வார்ப்பவரும் அவ்வாறே செய்கிறார். உருகிய இரும்பு ஆறும்போது நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு குறுகுமாதலால், மாதிரி உருவை அந்த அளவுக்குப் பெரிதாகவே செதுக்கி வைக்கிறார்.

செங்கல்லுக்கும் இரும்புக்கும் பெரும்பாலும் இவ்வளவோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அவை எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சுருங்கும் பொருள்கள். அளவு குறையுமேயன்றிக் கோணம் மாறாது. நம் காலத்தில் பெருகி வழங்கும் வேறோர் இனப் பொருள் உண்டு. இழைகளையும் பிசினையும் ஒன்று சேர்த்து இறுகச் செய்வது அது, கூட்டுப்பொருள் என்பர். இது திசைக்கு ஒரு விதமாகச் சுருங்குவது. ஆகவே, அச்சிலிருந்து பெயர்த்தெடுத்தவுடன் தட்டையானது வளையும்; நேரானது முறுகும்; மூலைகள் ஒடுங்கும். இவ்வாறு வடிவம் பிறழ்வதில் அச்சுக்கு உள்ள பங்கு யாது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

எங்கோ வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பற்றிய செய்தி இது என்று நேயர்கள் எண்ணவேண்டாம். திருகோணமலை நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றால் கந்தளாய்க் குளம் தோன்றும். குளக்கோட்டன் கட்டுவித்தது என்று கோணேசர் கோயில் மரபும், இரண்டாம் அக்கபோதி மன்னனின் பணி என்று வரலாற்றாசிரியரும் கூறும் பழம்பெருங் குளம் அது. அத்தகைய பெருங்குளங்களில் வலை விடுவோர் முற்காலத்தில் மரத்தைக் குடைந்த தோணிகளைச் செலுத்தினர். இன்று அவர்களுள் பலர் செலுத்துவன கண்ணாடியிழை வள்ளங்கள். குளக்கரையை விட்டுக் கடற்கரைக்கு வந்தால், கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாகக் கிடக்கும். யாழ்ப்பாணத்துக் காரைநகரில் நோர்வே நாட்டு உதவியோடு தோன்றிய சீநோர் நிறுவனம் இத்தகைய படகுகளைக் கட்டியது பலரும் அறிந்த செய்தி. ஒரு குடும்பத்தின் பிழைப்பும், கடலில் அக்குடும்பத் தலைவனின் உயிரும், அரை அங்குலத் தடிப்புக்கூட இல்லாத இந்தச் சுவரை நம்பியிருக்கின்றன.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையைத் தாக்கியபோது, படகுகள் ஆயிரக்கணக்கில் அழிந்தன. அவற்றை ஈடுசெய்யப் பல உதவி அமைப்புகள் முன்வந்தன. புதிய படகுத்துறைகள் விரைவிலே தோன்றின. படகுகளும் விரைவிலே பிறந்தன. அவற்றுள் பல தகுந்த தரத்தில் அமையவில்லை என்பதை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு பின்னர் எடுத்துக் காட்டியது. அத்தகைய அவசரத்தில் முதலில் குறைவுபடுவன இரண்டு. அச்சின் தரம் ஒன்று. படகு அச்சிலே கிடக்கவேண்டிய காலம் மற்றொன்று. இவ்விரண்டையும் குறைத்தால் என்ன கேடு விளையும் என்பதை அறிய, படகு பிறக்கும் முறையை முதலிற் காண்போம்.

முதலில், கட்டவேண்டிய படகின் வடிவத்தை மரத்தால் செய்து, தேய்த்து, மெருகிடுவர். இது மூல உரு. அதன்மேல் மெழுகு பூசி, கண்ணாடியிழையும் பிசினும் பல படையாக இட்டு இறுகச் செய்து பெயர்த்தால், உட்குழிந்த ஓர் உறை கிடைக்கும். அதுவே அச்சு. அச்சின் உட்புறத்தில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் எனப்படும் நிறப்பூச்சை அரை மில்லிமீற்றர் அளவில் பூசி, அதன்மேல் இழைப்பாயை விரித்துப் பிசினை ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழிகளை அழுத்தி வெளியேற்றுவர். படைமேற் படை இட்டு, இறுகிய பின் பெயர்த்தால் படகின் உடல் கிடைக்கும். ஆக, மூல உருவிலிருந்து அச்சு, அச்சிலிருந்து படகு. மூல உருவில் ஒரு கோணல் இருந்தால் அச்சு அதைப் பெறும்; அச்சு தானாக ஒரு கோணலைச் சேர்த்தால் அதிலே பிறக்கும் படகுகள் அனைத்தும் அதைப் பெறும். தச்சன் ஒரு பலகையைப் பிழையாக அறுத்தால் ஒரு பலகையே கெடும். அச்சு பிழைத்தாலோ நூறு படகுகள் ஒரே குறையோடு பிறக்கும்.

இனி, பிசினின் இயல்பைக் கவனிப்போம். படகுக்குப் பயன்படும் பொலியெஸ்தர்ப் பிசின் நீர்மநிலையிலிருந்து திண்மநிலைக்கு மாறும்போது, அதன் கனவளவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு குறைகிறது. கண்ணாடி இழையோ குறைவதே இல்லை. சுருங்க முயலும் பிசினை, சுருங்க மறுக்கும் இழை பிடித்து நிறுத்துகிறது. இழை ஓடும் திசையில் இழையே வெல்கிறது. அங்கே சுருக்கம் மிகச் சிறிது. ஆனால் சுவரின் தடிப்பின் திசையில் எந்த இழையும் ஓடவில்லை. அங்கே பிசினைத் தடுப்பாரில்லை. ஆகவே பொருளின் நீள அகலம் அவ்வளவாக மாறாமல், தடிப்பு மட்டும் குறைகிறது.

தட்டையான பலகையில் இதனால் பெருங் கேடில்லை. மூலையிலும் வளைவிலுமே தொல்லை தொடங்குகிறது. ஒரு மாட்டு வண்டி தெருமுனையில் திரும்புவதை மனத்திற் கொள்ளுங்கள். வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிடக் கூடிய தூரம் ஓடுகிறது. அச்சாணித் தண்டு அகலமாக இருந்தால் இந்த வேறுபாடு அதிகம். தண்டு குறுகினால் வேறுபாடும் குறையும். இப்போது, இரு சக்கரங்களும் ஓடிய தூரங்களை மாற்றாமல், தண்டை மட்டும் குறுக்கிவிட்டோமென வைத்துக்கொள்வோம். அதே தூர வேறுபாட்டைக் குறுகிய தண்டோடு காட்டவேண்டுமாயின், வண்டி முன்னையிலும் அதிகமாகத் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? கூட்டுப்பொருளின் மூலையிலும் நிகழ்வது இதுவே. உட்படையின் நீளமும் வெளிப்படையின் நீளமும் இழைகளால் நிலைபெற்றுவிட்டன. இரண்டுக்கும் இடையிலுள்ள தடிப்பு மட்டும் குறைந்தது. ஆகவே மூலை கூடுதலாக வளைந்து, உள்நோக்கி ஒடுங்குகிறது.

சூட்டிலே இறுகச் செய்த பொருளுக்கு இந்த ஒடுக்கம் மேலும் கூடும். ஆறும்போது தடிப்பு மறுபடியும் குறையுமாதலால். 90 பாகை மூலையொன்று ஏறத்தாழ 1 பாகை ஒடுங்கி 89 பாகையாவது தொழிலாளர் வழக்கமாகக் காணும் அளவு. ஒரு பாகை என்ன பெரிய மாற்றம் என்று கேட்கலாம். அம்மூலையிலிருந்து ஒரு மீற்றர் நீண்டு செல்லும் கையின் நுனியில் அது 17 மில்லிமீற்றர் விலகலாகும். அவ்விடத்தில் ஆணித்துளை இருந்தால், ஆணி நுழையாது.

இதிலிருந்து அச்சு செய்வோர் கற்கும் முதற் பாடம் வியப்புக்குரியது. 90 பாகை மூலை வேண்டுமாயின் அச்சின் மூலை 91 பாகையாக இருத்தல் வேண்டும். பொருள் நேராக அமைவதற்காக அச்சைக் கோணலாகச் செய்கிறோம். அச்சு வடிவத்தின் படியன்று. வடிவத்தைப் பற்றிய ஒரு முன்கணிப்பு என்றே சொல்லவேண்டும்.

இதுவரை கூறியது பொருளின் தன் இயல்பு. எந்த அச்சில் இட்டாலும் இது நேரும். இதற்கு மேலே அச்சு தன் பங்காகச் சேர்ப்பனவும் உள. படகு நிழலில், சாதாரண வெப்பத்தில் இறுகுகிறது. விமானத்துக்குரிய காபன் இழைப் பொருளோ உலையில் இறுகுகிறது. வெப்பம் ஏற ஏற அச்சின் செல்வாக்கும் ஏறுவதால், அதன் செயல்களை விமானத் தொழிலிலே தெளிவாகக் காணலாம். ஆகவே சிறிது நேரம் அங்கே சென்று கண்டுவிட்டு, நமது கரைக்குத் திரும்புவோம்.

இந்தியாவில் உருவாக்கப்பட்டு 2001 ஜனவரி 4ஆந் திகதி பெங்களூரில் முதன்முதல் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டு நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு கூட்டுப்பொருளாலானது. பயணிகளை ஏற்றிச் செல்லும் போயிங் 787 விமானத்திலோ பாதியளவு அப்பொருளே. இவற்றின் பகுதிகளைப் பெரும்பாலும் எபொக்சிப் பிசினில் தோய்ந்த காபன் இழைப் படைகளால் அச்சின்மேல் அடுக்கி, காற்றுப் புகாத உறையிட்டு, அமுக்க உலையில் வைத்து, ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி இறுகச் செய்வர். அச்சும் பொருளும் ஒன்றாகச் சூடேறுகின்றன, ஒன்றாக ஆறுகின்றன. ஆனால் ஒரே அளவாக விரிவதில்லை. அங்கேதான் சிக்கல்.

ஒரு மீற்றர் நீளமான அலுமினிய அச்சை 20 பாகையிலிருந்து 180 பாகைக்குச் சூடேற்றினால் அது 3.7 மில்லிமீற்றர் நீளும். உருக்கு அச்சு 1.9 மில்லிமீற்றர் நீளும். பல திசைகளில் இழை அடுக்கிய காபன் பொருளோ, அரை மில்லிமீற்றர்கூட நீளாது. பிசின் உச்ச வெப்பத்தில் இறுகுவதால், அப்போது அச்சு எவ்வளவு நீண்டிருந்ததோ அந்த நீளத்திலேயே பொருள் உறைந்துவிடுகிறது. பின்னர் ஆறும்போது அலுமினியம் தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது, பொருள் திரும்புவதில்லை. பத்து மீற்றர் நீளமான பகுதிக்கு இந்த வேறுபாடு மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படும். எனவே அலுமினிய அச்சை முன்கூட்டியே அந்த அளவுக்குச் சிறிதாகச் செய்தாகவேண்டும்.

பொருள் அச்சின் உட்புறத்தில் இருக்கிறதா, வெளிப்புறத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். உலோகக் குழிக்குள் பொருளை இறுகச் செய்தால், ஆறும்போது குழி பொருளைவிட அதிகமாகக் குறுகி, அதை நெரிக்கும். உலோகத் தண்டின்மேல் சுற்றி இறுகச் செய்தாலோ, தண்டு குறுகிப் பொருளை இலேசாக விட்டுவிடும். மூலைகளின் தடிப்பும் இதனால் வேறுபடும். உட்குழிந்த மூலையில் படைகள் நன்றாகப் படியாமல் பாலம்போல் நிற்கும். அங்கே பிசின் தேங்கி மூலை தடிக்கும். புடைத்த மூலையிலோ அமுக்கம் கூடி மூலை மெலியும். ஒரே வரைபடத்திலிருந்து, ஒரே இழையாலும் ஒரே பிசினாலும் செய்த இரண்டு பகுதிகள், அச்சின் பக்கம் மாறிய ஒன்றினாலேயே வெவ்வேறு கோணம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விரிவின் வேறுபாட்டால் நேரும் மற்றொரு விளைவு நுட்பமானது. அச்சு சூடேறி நீளும்போது, அதன்மேல் அமுக்கத்தால் பதிந்து கிடக்கும் அடிப்படையைத் தன்னோடு சேர்த்து இழுக்கிறது. பிசின் இன்னும் முழுதாக இறுகவில்லை. ஆகையால் அடிப்படை இழுபடும் அளவுக்கு மேற்படைகள் இழுபடுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நின்றுவிடுகின்றன. இந்நிலையில் பிசின் இறுகிவிட்டால், இழுபட்ட அடிப்படை இழுபட்டபடியே சிறைப்படுகிறது. பகுதியை அச்சிலிருந்து பெயர்த்தவுடன், அந்தப் படை தன் இயல்பான நீளத்துக்குச் சுருங்க முயலும். அச்சைத் தொட்டுக் கிடந்த பக்கம் குறுகும், மேற்பக்கம் குறுகாது. பகுதி வில்லாக வளைந்து, நடுப்பாகம் அச்சை விட்டு உயர்ந்து நிற்கும். கடுதாசியின் ஒரு பக்கத்தில் மட்டும் பசை பூசி உலர விட்டால் அது சுருளுவதை ஒத்தது இது.

கனடாவில் வன்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் ட்விக், பூர்சார்த்திப், பெர்ன்லுண்ட் என்னும் ஆராய்ச்சியாளர் இந்த இழுபாட்டை அளந்து, 2004இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அலுமினிய அச்சின்மேல் தட்டையான காபன் பட்டைகளை இறுகச் செய்து, அவை எவ்வளவு வளைகின்றன என்று அவர்கள் பார்த்தார்கள். பட்டையின் நீளம் இருமடங்கானால் வளைவு ஏறத்தாழ எட்டு மடங்காகும். தடிப்பு இருமடங்கானால் வளைவு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும். உலையின் அமுக்கம் கூடினால் வளைவும் சிறிது கூடும் என்று கண்டனர். இந்தக் கணக்கின் பொருளை உணர்தல் வேண்டும். சிறிய மாதிரித் துண்டைச் செய்துபார்த்து, அது நேராக இருக்கிறதென்று மகிழ்ந்து, அதே அச்சு உலோகத்தில் நான்கு மடங்கு நீளமான மெல்லிய பகுதியைச் செய்யப் புகுந்தால், வளைவு அறுபது மடங்குக்கும் மேலாக ஏறக்கூடும். மாதிரியில் கண்ணுக்குப் புலப்படாத குறை, உண்மைப் பொருளில் கைவிரல் நுழையும் இடைவெளியாகிவிடும்.

இதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. அச்சுக்கும் பொருளுக்கும் இடையில் தெப்லோன் போன்ற ஒட்டாத மென்படலத்தை விரித்தால், அச்சு வழுக்கிக்கொண்டு நீளும். படையை இழுக்கும் வலிமை குறையும். இன்னொரு பரிகாரம், விரியாத உலோகத்தால் அச்சைச் செய்வது. பாரிஸ் நகருக்கு அருகே செவ்ரேயிலுள்ள பன்னாட்டு நிறை அளவை நிலையத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் எதுவார் கில்லோம் என்பவர், இரும்போடு நூற்றுக்கு 36 பங்கு நிக்கல் சேர்த்தால் அந்தக் கலப்புலோகம் சூட்டில் மிகமிகச் சிறிதே விரிகிறது என்பதை 1896இல் கண்டறிந்தார். இன்வார் என்று பெயர் பெற்ற அந்த உலோகத்தின் பொருட்டு அவருக்கு 1920இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அளவுகோல்களுக்காகவும் மணிக்கூடுகளுக்காகவும் தேடிய உலோகம், இன்று விமானச் சிறகுகளின் அச்சாகிறது. முன்சொன்ன ஒரு மீற்றர் கணக்கில் இன்வார் நீளுவது கால் மில்லிமீற்றர் அளவே. காபன் பொருளின் போக்குக்கு மிக நெருங்கியது. ஆனால் விலை அதிகம்; பாரம் அதிகம்; கடைந்தெடுப்பதும் கடினம். காபன் இழையாலேயே அச்சைச் செய்தால் விரிவு ஒத்துப்போகும். எனினும் பலமுறை உலைக்குள் சென்று வருவதை அது உலோகம்போல் நெடுங்காலம் தாங்குவதில்லை.

விரியாத அச்சாயினும் வெப்பத்தைச் சமமாகப் பரப்பவும் வேண்டும். அச்சின் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால், மெலிந்த இடத்துப் பிசின் முந்தி இறுகும். தடித்த இடத்துப் பிசின் பிந்தி இறுகும். பிந்தியது சுருங்கும்போது, முந்தி இறுகிய பக்கம் அசையாது நின்று எதிர்க்கும். இந்த இழுபறி பொருளினுள்ளே தங்கி, அச்சிலிருந்து விடுபட்டதும் முறுக்காக வெளிப்படும். அச்சைத் தாங்கும் அடிச்சட்டம் சூட்டுக்காற்றின் வழியை அடைத்தாலும் இதே கேடுதான்.

வளைந்த பகுதியை அமுக்கிப் பூட்டிவிடலாமே என்று சிலர் நினைப்பர். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்னும் பழமொழி இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். பிசின் இறுகும் முன்னர் எப்படியும் வளையும். இறுகிய பின்னர் வளைத்தால் அது வளைவன்று, வன்முறை. உலோகத் தகட்டைத் தட்டி நிமிர்த்தலாம். கூட்டுப்பொருளைத் தட்டி நிமிர்த்த முடியாது. அமுக்கிப் பூட்டினால் அந்த இழுவிசை பூட்டிய இடத்தில் என்றும் குடியிருக்கும். படைகள் ஒன்றைவிட்டொன்று பிரிவதற்கு அது வழி திறக்கும். ஆகையால் விமானம் கட்டுவோர் இடைவெளியை அளந்து, அதற்கேற்ற மெல்லிய தகட்டை இடையில் வைத்து நிரப்புவர். போயிங் 787இன் உடற்பகுதிகள் சில ஒன்றோடொன்று சேரும் இடங்களில் இந்த இடைத்தகடுகள் உரிய அளவில் இல்லை என்றும், உட்புறத் தோல் வேண்டிய அளவு மட்டமாக இல்லை என்றும் கண்டு, 2020 ஓகஸ்டில் எட்டு விமானங்களைச் சேவையிலிருந்து நிறுத்தினர். அங்கே அனுமதிக்கப்பட்ட இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் எட்டில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பு என்னலாம். ஆராய்ச்சி விரிந்தபோது, புதிய விமானங்களைக் கையளிப்பதும் மாதக்கணக்கில் தடைப்பட்டது. வடிவத்தில் நேரும் மயிரிழைப் பிசகு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, நமது கரைக்குத் திரும்புவோம். படகுத்துறையில் இன்வாரும் இல்லை. அமுக்க உலையும் இல்லை. மயிரிழை அளவும் அங்கே கேட்கப்படுவதில்லை. ஆயினும் விதிகள் அவையே. நாம் கண்ட பாடங்களைப் படகுக்குப் பொருத்திப் பார்த்தால், நான்கு செய்திகள் தெளிவாகும்.

முதலாவது, அச்சின் விறைப்பு. பிசின் சுருங்கும்போது அது அச்சையும் தன்னோடு இழுக்கும். அச்சின் சுவர் மெல்லியதாயின் அதுவே வளைந்து கொடுக்கும். ஆகவே அச்சின் சுவர் படகின் சுவரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தடிப்பாயிருத்தல் நல்லது. வெளிப்புறத்தில் மரத்தாலோ இரும்பாலோ சட்டமும் வேண்டும். அந்தச் சட்டத்தை, அச்சு மூல உருவின்மேல் இறுகிக் கிடக்கும்போதே பொருத்துதல் வேண்டும். பெயர்த்தெடுத்த பின் பொருத்தினால், அதற்கிடையில் நேர்ந்த கோணலை நிரந்தரமாக்குவதாக முடியும். சட்டத்தோடு கூடிய அச்சையும் மட்டமான தரையில் நிறுத்தவேண்டும். மணலில் ஒரு கால் புதைந்து நின்றால், அன்று பிறக்கும் படகு முறுகியே பிறக்கும்.

இரண்டாவது, வெப்பம். கந்தளாயிலும் திருகோணமலையிலும் உள்ள வெயில் பிசினை விரைவாக இறுகச் செய்யும். அச்சின் ஒரு பக்கம் வெயிலிலும் மறு பக்கம் நிழலிலும் இருந்தால், முன்சொன்ன முந்துதலும் பிந்துதலும் இங்கேயும் நேரும். பிசின் இறுகும்போது தானும் சூட்டை வெளிவிடும். பல படைகளை ஒரே மூச்சில் இட்டால், உள்ளே தேங்கும் சூடு படகையும் கெடுக்கும், அச்சையும் கெடுக்கும். கூரையின் கீழே, சில படைகளாகப் பிரித்து இடுவதே முறை.

மூன்றாவது, காலம். மேலே தொட்டால் ஒட்டவில்லை என்பதால் உள்ளே இறுகிவிட்டது என்று கருதக்கூடாது. சாதாரண வெப்பத்தில் இறுகும் பொலியெஸ்தர் நாட்கணக்காக, வாரக்கணக்காகத் தொடர்ந்து இறுகிக்கொண்டே இருக்கும், சுருங்கிக்கொண்டும் இருக்கும். அச்சில் கிடக்கும்வரை அச்சு அதனைப் பிடித்து நிறுத்தும். அடுத்த படகுக்கு இடம் வேண்டுமென்று முந்திப் பெயர்த்தால், வாய் திறந்த கிண்ணம் போன்ற அந்த உடல் தன் இச்சைப்படி விரியும் அல்லது ஒடுங்கும். ஆகவே குறுக்குப் பலகைகளையும் விளிம்புச் சட்டத்தையும் அச்சினுள் இருக்கும்போதே பொருத்திவிடுதல் வேண்டும். பெயர்த்த பின்னும், உடலுக்கேற்ற தாங்கியில் வைத்தல் வேண்டும்.

நான்காவது, அச்சின் முதுமை. ஒவ்வொரு படகைப் பெயர்க்கும்போதும் அச்சு சிறிது வருந்துகிறது. ஆப்பு அடித்துப் பெயர்த்த இடங்களில் வெடிப்பு உண்டாகும். சட்டத்தின் பிணைப்பு தளரும். முதற் படகை அளந்ததோடு நின்றுவிடாமல், இடையிடையே அச்சையும் அளந்து பார்க்கும் துறையே நம்பத்தக்க துறை.

இவ்வளவையும் செய்தும் எல்லாக் குறையும் அச்சினுடையதே என்று சொல்வதற்கில்லை. ஒரு பக்கத்தில் ஒருவகை இழைப்பாயும், மறு பக்கத்தில் வேறு வகையுமாகச் சமநிலையின்றி அடுக்கினால், எத்துணைச் சிறந்த அச்சிலும் சுவர் வளையும். பிசினை மிகுதியாக ஊற்றினால் சுருக்கமும் மிகும். அச்சும், அடுக்கும், பிசினும், வெப்பமும் கூடியே வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஆனால் அடுக்கிலும் பிசினிலும் நேரும் குறை ஒரு படகோடு முடியலாம். அச்சில் நேரும் குறை வழிவழியாகத் தொடரும். அதனாலேயே அச்சுக்கு முதலிடம்.

படகு வாங்குவோர் இதனை எவ்வாறு அறிவது என்று கேட்கலாம். கருவி எதுவும் வேண்டா. ஒரு நூற்கயிறு போதும். அணியமாகிய முன்முனையிலிருந்து பின்பலகையின் நடுப்புள்ளிக்குக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். படகின் நீளத்தில் மூன்று நான்கு இடங்களில், கயிற்றிலிருந்து இரு பக்க விளிம்புகளுக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள், இரண்டும் ஒத்திருக்கவேண்டும். பின்னர் முன்முனையிலிருந்து பின்பலகையின் இரு மேல்மூலைகளுக்கும் அளவுங்கள், அவையும் ஒத்திருக்கவேண்டும். பின்னால் நின்று, பின்பலகையின் மேல்விளிம்பும் நடுக் குறுக்குப் பலகையும் ஒரே மட்டத்தில் தோன்றுகின்றனவா என்று கண்ணால் நோக்குங்கள். தோன்றவில்லையெனில் படகு முறுகியிருக்கிறது. முறுகிய படகு நேராக ஓடாது. ஒரு பக்கம் இழுக்கும். அதை நிமிர்த்திச் செலுத்த எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். சுவரிலே சிறைப்பட்ட இழுவிசை, அலை மோதும்தோறும் பொருத்துகளை வருத்திக்கொண்டிருக்கும். அதே அச்சில் பிறந்த மற்றொரு படகையும் அளந்து, அதே பக்கம் அதே அளவு பிறழ்ந்திருக்கக் கண்டால், குற்றம் பெரும்பாலும் அச்சினுடையது என்று துணியலாம். உடனே துறையாருக்கு அறிவிப்பது அடுத்து வாங்குவோருக்குச் செய்யும் உதவியாகும்.

படகுத்துறை நடத்துவோருக்கும், அத்தொழிலைக் கற்கும் இளைஞருக்கும் ஒன்று கூறலாம். அச்சு விற்பனைக்குரிய பொருளன்று. ஆகவே அதிற் செலவிடும் பணம் வீண் என்று தோன்றக்கூடும். கடலில் இறங்குவது படகே என்றாலும், அதன் நேர்மை அச்சிலேயே முடிவாகிவிடுகிறது. அச்சின் தடிப்பில் மிச்சம் பிடித்த பணமும், அச்சிலிருந்து ஒரு நாள் முந்திப் பெயர்த்துப் பெற்ற இலாபமும், வாங்கியவன் கையில் நட்டமாகவே போய்ச் சேரும். செங்கல் அறுப்பவர் தம் மரச்சட்டத்தைச் செய்யும்போது சூளையின் நெருப்பையும் நினைத்துச் செய்கிறார். படகின் அச்சைச் செய்பவரும் பிசினின் சுருக்கத்தையும் வெயிலின் சூட்டையும் அலையின் அடியையும் நினைத்துச் செய்வாராயின், அதிற் பிறக்கும் படகுகளை நம்பிக் கடலில் இறங்கலாம்.